இட்டேரியில் போட்ட ஊசி

கறிவேப்பிலை அறுக்கப் போகும் எங்கள் வேனில் உண்மையைச் சொல்லி லீவு கேட்ட பெண் ஒருத்தியும் கிடையாது. தலைவலி என்போம், வயிற்றுவலி என்போம், வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாள், வந்திருக்கிறார்கள் என்போம். எதுவும் தோன்றாவிட்டால் இருக்கவே இருக்கிறார் மாமியார், அவரைப் படுக்கையில் போட்டுவிடுவோம். "பாப்பாவுக்குத் தடுப்பூசி போடணும், நாளைக்கு வரமாட்டேன்" என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. சொன்னால், வேனை ஓட்டிக்கொண்டிருக்கும் மேஸ்திரி கழுத்தைத் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"அப்ப உன்ற ஜோடி?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் காரமடைப் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ குழந்தைகளுக்கு ஊசி தள்ளித் தள்ளிப் போனது. ஊசிக்குப் பயந்து இல்லை. எங்களுக்கு விவரம் பத்தவில்லை, மூடநம்பிக்கை, விழிப்புணர்வு வேண்டும் என்று மைக் பிடித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். விவரமெல்லாம் எங்களுக்கு உண்டு. விடிகாலை ஐந்து மணிக்கு வேன் ஏறி மூன்று மணிக்கு வீடு திரும்புகிறவளிடம், புதன்கிழமை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்துக்கு வா என்று சொல்கிறவர்களுக்குத்தான் விவரம் பத்தவில்லை.

ஜோடி என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கறிவேப்பிலை அறுப்பு ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருத்தி அறுத்துக்கொண்டே போவாள், இன்னொருத்தி பின்னால் அடுக்கிக்கொண்டே வருவாள். கட்டுப் போடும்போது ஒருத்தி முழங்காலை ஊன்றி அழுத்த வேண்டும், மற்றவள் கயிற்றை இழுத்து முடிய வேண்டும். கட்டு இறுகாவிட்டால் லாரியில் ஏற்றும்போதே பிரிந்துவிடும். அதனால் எங்கள் மேஸ்திரி ஆளை எண்ணி எடுப்பதில்லை, ஜோடியை எண்ணித்தான் எடுப்பார். ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கும் அன்றைக்குச் சோலி இல்லை. வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாலும் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஊசி போட்டால் குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் அடிக்கும், மறுநாள் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அவளோடு சேர்த்து இன்னொரு வீட்டிலும் அன்றைய கூலி போகும். தன் கூலி போவதைக்கூட ஒருத்தி தாங்கிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரியின் கூலி தன்னால் போனது என்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

என் ஜோடி என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். சத்தியமங்கலத்துக்கு மேலே இருக்கும் மலையூர் ஒன்றிலிருந்து கல்யாணமாகி வந்தவள். பேச்சு குறைவு. சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு வாய் எவ்வளவு நீளமோ அவளுக்கு அவ்வளவு குட்டை. அதனால்தானோ என்னவோ எங்கள் ஜோடி நன்றாக ஓடியது. அவள் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. அந்த வயதில் போட வேண்டிய மணல்வாரி அம்மைக்கான ஊசியும் போடவில்லை, அதற்கு முந்திய ஒன்றும் பாக்கி.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சாயங்காலம் பொழுதோட சாளை சாளையாகப் போய் யார் குழந்தைக்கு எந்த ஊசி வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வருவது நான்தான். தோட்டங்களுக்குள்ளேயே கூலிக்காரர்கள் குடியிருக்கும் வீடுகளைச் சாளை என்போம். ஒன்றுக்கொன்று தூரம், நடுவில் நாய்கள். ஊசி போடும் நர்ஸம்மாவால் எல்லாச் சாளைக்கும் வர முடியாது. பத்தாவது வரை படித்தவள், வாயும் இருக்கிறது என்று என்னைப் பிடித்துப் போட்டார். வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவளுக்குத் தன் ஜோடியின் குழந்தையைக்கூட ஊசிக்குக் கூட்டிப் போக முடியவில்லை என்பது எனக்குப் பெரிய கேவலமாக இருந்தது.

அப்போதுதான் அடுத்த தோட்டத்துச் சாளையில் மணல்வாரி கண்டது. முதலில் ஒரு குழந்தைக்கு, பிறகு அதோடு விளையாடிய இன்னொன்றுக்கு. இரண்டாவது குழந்தைக்கு மூச்சு இழுத்து, கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாளை வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. மாரியாத்தா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கோயில் நோம்பிக்குத் தீர்த்தக்குடம் எடுக்கிறவள்தான் நானும். ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொன்னவர்களிடம், வரட்டும், ஊசி போட்ட குழந்தையை அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று சொன்னேன். ஆனால் அந்தச் சாளைக்கும் என் ஜோடியின் சாளைக்கும் நடுவில் ஒரு வேலிதான் இருக்கிறது.

மறுநாள் வரிசைக்குள் இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டேன்.

"இந்தப் புதன்கெழம பாப்பாவத் தூக்கிட்டுப் போ. நான் மேஸ்திரிகிட்டச் சொல்லிக்கறேன்."

அவள் குனிந்து அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"காதுல உளுந்துச்சா அம்மணி?"

"உளுந்துச்சுங்கக்கா."

"அப்பறம்?"

"புதன்கெழம ஒண்ணு, காச்சல் வந்தா வியாழக்கெழம ஒண்ணு. ரெண்டு நாளும் உங்களுக்குச் சோலி போயிருமுங்களே."

"என்ற சோலியப் பத்தி உன்ற கிட்ட ஆரு கேட்டா?"

"போன மாசம் எனக்கு ஒடம்பு சரியில்லாதப்ப நீங்க ஊட்ல உக்காந்திருந்தீங்க. அன்னிக்கு உங்க ஊட்டுக்காரர் என்ன பேசுனாருன்னு எனக்குத் தெரியுமுங்கக்கா. என்னால இன்னொருக்கா முடியாதுங்க."

எனக்கு வந்த கோபத்தில் அரிவாளை மண்ணில் எறிந்துவிட்டேன். அவள் மேல் கோபமா, என் வீட்டுக்காரர் மேலா, மேஸ்திரி மேலா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. பெற்ற குழந்தைக்கு மேலாக என் கூலியை வைத்துப் பார்க்கிறாளே, அந்த மரியாதை எனக்கு வேண்டவே வேண்டாம் என்றுதான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே நர்ஸம்மாவிடம் போய் நின்றேன். நீங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் எங்கள் குழந்தைகள் வராது, நீங்கள்தான் தோட்டத்துக்கு வர வேண்டும் என்றேன். நர்ஸம்மா நல்லவர், ஆனால் அவருக்கும் மேலே ஆள் உண்டு. மணல்வாரி மருந்து ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கு இருக்குமாம். உடைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும்.

"ஒரு கொழந்தைக்காகப் பொட்டியத் தூக்கிட்டு வந்தன்னா எனக்குத் திட்டு விழும்மா" என்றார்.

"ஒரு கொழந்தைன்னு ஆருங்க சொன்னா? சுத்தியிருக்கற சாளையெல்லாம் கூட்டியாறேன். சோறு உங்கற நேரத்துக்கு வந்தீங்கன்னா தாயும் இருப்பா, புள்ளையும் இருக்கும். ஒரு நாள் லீவாவது மிஞ்சுமுங்க."

அவர் நோட்டை எடுத்துச் சாளைகளை எழுதிக்கொண்டார். "நீ கொழந்தைகளக் கொண்டா. டாக்டர்கிட்டக் கேட்டு நான் பொட்டியக் கொண்டாறேன்."

அடுத்து இடம். அந்த வாரம் நாங்கள் அறுத்துக்கொண்டிருந்த தோட்டத்தின் பண்ணாடியிடம் கேட்டேன். பண்ணாடி என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டத்துச் சொந்தக்காரர். மோட்டார் ரூம் முன்னால் சிமெண்டுத் தரையும் நிழலும் உண்டு, அரை மணி நேரம் கொடுங்கள் என்றேன். அவர் நயமாக மறுத்தார்.

"ஊசி போட்டு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என்ற தலைல உழுகும். லாரிக்கு வேற நேரமாயிரும். இதெல்லாம் தோட்டத்துல வேண்டாம் அம்மணி."

எங்கள் ஊரில் கதவைச் சாத்துவதைக்கூட மரியாதையாகத்தான் சாத்துவார்கள். நானும் மரியாதையாகவே, "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சரிக்கு அர்த்தம் என்னவென்று மேஸ்திரிக்குத் தெரியும். வேனில் ஏறும்போதே, "ஏதோ பண்றதுக்குத் திட்டம் போட்டுப்போட்ட" என்றார்.

திட்டம் ஒன்றும் பெரிதில்லை. தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஓடுகிறது இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித் தடம். மாடும் மனிதரும் டிராக்டரும் போக ஊருக்கே பொதுவாக விட்ட பாதை. அதில் ஒரு வளைவில் பெரிய வேப்பமரம் ஒன்று உண்டு. அந்த நிழல் யாருடைய பட்டாவிலும் கிடையாது.

முந்தின நாள் பொழுதோட எல்லாச் சாளைக்கும் போனேன். இட்டேரி வேப்பமரத்தடி, சோறு உண்ணும் நேரம், குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம் சொல்லித் தூக்கிவரச் செய், நீ வரிசையிலிருந்து நேராக வந்துவிடு என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அடுத்த கேள்வியையும் எல்லோரும் கேட்டார்கள். மறுநாள் காய்ச்சல் வந்தால்? வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அதற்குப் பதில் கிடைக்கும்வரை மணல்வாரி வேலிக்கு அந்தப் பக்கமே நின்று காத்திருக்காது.

புதன்கிழமை நர்ஸம்மா ஸ்கூட்டரில் நீலப் பெட்டியை வைத்து இட்டேரி மேடுபள்ளத்தில் ஆடி ஆடி வந்தார். வரிசையிலிருந்து நாங்கள் போனபோது மரத்தடியில் ஏற்கெனவே அழுகைச் சத்தம். கருப்பட்டி கொடுத்தும் அடங்காத பிள்ளைகள். அறுத்த இலையைக் கட்டி, நிழலில் அடுக்கி, ஈரச் சாக்குப் போட்டு மூடிவிட்டுத்தான் வந்தோம், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. என் ஜோடி கை கழுவப் போனவள் திரும்பி வரவில்லை. வேலியோரமாக நின்றுகொண்டு மகளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தேன். குழந்தையை அவள் மடியில் கொடுத்தேன். இலை வாசனை பிடித்த கையை மோந்து பார்த்துவிட்டுக் குழந்தை சிரித்தது. பிறகு நர்ஸம்மா தொடையிலும் கையிலும் ஊசியைப் போட, ஊரே கேட்கும்படி கத்தியது.

போட்ட பிறகு அரை மணி நேரம் எல்லோரும் அங்கேயே இருக்க வேண்டும் என்றார் நர்ஸம்மா. அந்த அரை மணி நேரத்தில்தான் பண்ணாடியின் புல்லட் வந்தது.

"ஏனம்மணி, நாந்தான் வேண்டாம்னு சொன்னனல்லோ?"

"தோட்டத்துல வேண்டாம்னு சொன்னீங்க. இது இட்டேரிங்க."

"ரெண்டு பக்கமும் என்ற வேலிதான?"

"வேலி உங்களுதுங்க. நடுவால தடம் ஊருதுங்க. உங்க புல்லட்டும் அதுலதானுங்க வந்துச்சு."

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினாள். பண்ணாடியின் முகம் சிவந்தது.

"லாரி நிக்குது. இலை வாடுனா ஆரு பதில் சொல்றது?"

"இலை நெழல்ல கெடக்குதுங்க. அரை மணி நேரத்துல வாடாதுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற வாய் எனக்கு வாய்க்கவில்லை. "உங்க பேரனுக்குக் கோயமுத்தூர்ப் பீளமேட்டுல தேதி தப்பாம ஊசி போடறாங்கன்னு பண்ணாடிச்சியம்மா சொன்னாங்க. நல்லா இருக்கோணுமுங்க அந்தக் கொழந்த. அதுக்குக் காச்சல் வந்தா உங்க மருமக ஆபீசுக்கு லீவு போட்டாங்க. அவிய ஜோடி ஆருங்க? ஆருக்குங்க சோலி போச்சு?"

பண்ணாடி நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பண்ணாடி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அரை மணி நேரம் முடிந்துதான் எழுந்தோம். லாரி இலையை ஏற்றிக்கொண்டுதான் போனது.

மறுநாள் விடிகாலை என் ஜோடி வேனுக்கு வரவில்லை. குழந்தைக்கு ராத்திரி முழுக்க அனல். வரக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஊசி போட்ட மற்ற தாய்மார்களில் பாதிப் பேர், பிள்ளைக்கு மருந்து கொடுத்துவிட்டு, மனதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மீதிப் பேரோடு அவர்களுடைய ஜோடிகளும் வரவில்லை. நான் மட்டும் ஒற்றையாக ஏறினேன்.

"ஜோடி?" என்றார் மேஸ்திரி.

"பாப்பாவுக்குக் காச்சலுங்க. அவ நாளைக்கு வந்துருவா."

"அப்ப எறங்கு."

"எறங்கலீங்க."

அவர் எஞ்சினை அணைத்துவிட்டார். இருட்டில் வேன் நின்றது. கொஞ்ச நேரம் போனதும் உள்ளே முணுமுணுப்பு ஆரம்பித்தது. "எறங்குங்கக்கா, எல்லாத்துக்கும் நேரமாவுது" என்றாள் என் பின்னால் இருந்த ஒருத்தி. முந்தின நாள் அவள் குழந்தையை மடியில் பிடித்து உட்கார்ந்திருந்ததே நான்தான். மேஸ்திரி சொன்னது எனக்கு வலிக்கவில்லை, இவள் சொன்னதுதான் வலித்தது. ஆனாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். இறங்கினால் அடுத்த புதன்கிழமை ஒருத்தியும் இட்டேரிக்கு வரமாட்டாள். அது எனக்குத் தெரிந்தது போலவே மேஸ்திரிக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"கட்டு நிக்கலீன்னா நீதான் பதில் சொல்லோணும்" என்று சொல்லி, ஏற்கெனவே ஆள் குறைந்த நாள் என்பதால் வேறு வழியில்லாமல் வண்டியை எடுத்தார்.

கடைசி வரிசையை எனக்குக் கொடுத்தார்கள். நானே அறுத்து, நானே அடுக்கி, நானே முழங்காலை ஊன்றி, நானே கயிற்றை இழுத்தேன். முடிச்சுப் போடக் கை இல்லாமல் பல்லால் கடித்து இழுத்தேன். முதல் கட்டைத் தூக்கியபோதே பிரிந்து கொட்டியது. மேஸ்திரி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கட்டினேன். இரண்டாவது கட்டுக்குக் கயிற்றை இழுக்கும்போது, பக்கத்து வரிசையிலிருந்து ஒரு முழங்கால் வந்து கட்டின்மேல் அழுந்தியது. வேனில் என்னை இறங்கச் சொன்னவள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் முடிந்ததும் எழுந்து தன் வரிசைக்குப் போய்விட்டாள். மூன்றாவது கட்டுக்கும் வந்தாள். நானும் நன்றி சொல்லவில்லை. சொல்கிற அளவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பொழுதோட ஜோடியின் சாளைக்குப் போனேன். குழந்தைக்கு நெற்றி குளிர்ந்திருந்தது. தட்டைத் தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அவள் முதலில் கேட்டது குழந்தையைப் பற்றி இல்லை.

"சோலி கெடச்சுதுங்களாக்கா?"

"கெடச்சுது."

"ஒத்தையாவா?"

"ஒத்தையாத்தான்."

என் உதட்டோரம் கயிறு அறுத்த காயத்தைப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தடவிவிட்டாள். நான் உதட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமே மணல்வாரி வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. இட்டேரிக்கு வராத ஒரு வீட்டுப் பையனுக்குக் கண்டு, நல்லவேளையாக மீண்டுவிட்டான். அவனோடு ஒரே தரையில் புரண்ட என் ஜோடியின் மகளைத் தொடவில்லை. நான் யாரிடமும் போய், பார்த்தாயா என்று கேட்கவில்லை. அவரவருக்குக் கண் இருக்கிறது. நர்ஸம்மா மட்டும் அடுத்த மாதம் நான் கேட்காமலே நீலப் பெட்டியோடு வேப்பமரத்தடிக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். பண்ணாடி அதன் பிறகு எங்களைப் பார்த்தால் புல்லட்டை வேறு தடத்தில் விட்டார்.

அந்த இரண்டாவது முறைக்கு முந்தின நாள், வேலை முடிந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். எல்லோரும் அரைத்தூக்கத்தில் இருந்தோம். அப்போது முன்சீட்டில் இருந்த ஒருத்தி, என் கட்டில் முழங்கால் ஊன்றினாளே அவளேதான், எந்த வலியையும் எந்த ஒறம்பரையையும் கூப்பிடாமல் சொன்னாள்.

"வியாழக்கெழம நான் வரலீங்க. நாளைக்குப் பெரியவனுக்கு ஊசி. காச்சல் வருமுங்க."

வேனில் எல்லோருக்கும் தூக்கம் போய்விட்டது. மேஸ்திரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கழுத்தைத் திருப்பினார்.

"அப்ப உன்ற ஜோடி?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் எனக்கு முன்னால் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரு நாளும் சத்தமாகப் பேசி நான் கேட்டிராத என் ஜோடியின் சத்தம்.

"அந்த ஜோடி எங்ககூட மூணாவதா நின்னுக்குமுங்க. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."